முகாம் முடிந்ததும் அந்தப் பெட்டி எங்கே போகிறது?

கொரோனா தடுப்பூசி முகாம்கள் நடந்த 2021ஆம் ஆண்டை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டு எழுந்தால், "அரை மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போங்க" என்று செவிலியர் சொல்வார். நடவுக்கு நேரமாகிறது, கடைக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தோம். அந்த அரை மணி நேரம் எதற்கு என்று பெரும்பாலோருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

மிகச் சிலரின் உடல், உள்ளே வந்த மருந்தைப் பகையாக எண்ணிக் கொந்தளித்துவிடும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் நாக்கும் வீக்கம், தொண்டை அடைப்பு, மூச்சுத்திணறல், இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் என்று சில நிமிடங்களுக்குள் எல்லாம் நடந்துவிடும். மருத்துவர்கள் இதை அனாஃபிலாக்சிஸ் என்கிறார்கள். கடுமையான ஒவ்வாமை என்று நாம் சொல்லலாம். 2021 மார்ச் 8 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்ட 68 வயது முதியவர் ஒருவர் இப்படித்தான் இறந்தார் என்று மத்திய அரசின் குழு அந்த ஆண்டு ஜூன் மாதம் உறுதி செய்தது. கோடிக்கணக்கானோருக்குத் தடுப்பூசி போட்ட நாட்டில் இது மிக அபூர்வம். அந்த அபூர்வத்துக்கும் அரசு தயாராக இருந்தது என்பதுதான் நாம் இங்கே கவனிக்க வேண்டியது.

தடுப்பூசி போடும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு பெட்டி இருக்க வேண்டும் என்பது மத்திய சுகாதார அமைச்சகத்தின் விதி. அதில் அட்ரினலின் மருந்துக் குப்பிகள் மூன்று, சிரிஞ்சுகள், ஊசிகள், எந்த வயதுக்கு எவ்வளவு என்று எழுதிய அட்டை, மருத்துவர், ஆம்புலன்ஸ் தொலைபேசி எண்கள் எல்லாம் இருக்கும். மருத்துவர் பக்கத்தில் இல்லாவிட்டால், ஏ.என்.எம். செவிலியரே ஒரு முறை அந்த ஊசியைத் தசையில் போட்டுவிட்டு, உடனே மேல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்ற அனுமதியும் அதே விதியில் இருக்கிறது. டாக்டர் வரட்டும் என்று காத்திருந்தால் ஆள் தாங்க மாட்டார் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் கேள்வி எளிமையானது. முகாம் முடிந்த மறுநாள் மணப்பட்டில் ஒருவரைக் கதண்டு கொட்டினால் அந்தப் பெட்டி எங்கே இருக்கும்? அதே செவிலியர், அதே மருந்து, அதே உடல் கொந்தளிப்பு. கொட்டியது தடுப்பூசி இல்லை, பூச்சி என்பதால் விதி மாறிவிடுமா?

மணப்பட்டு, பாகூர் கொம்யூனின் கடற்கரை ஊர். கிழக்கே கடல், சவுக்குத் தோப்பு, பனை, தென்னை. மேற்கே போகப் போக பாகூர் ஏரிப் பாசனத்தின் நெல்வயல். இந்த நிலத்தில் யார் எந்த வேலை செய்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். சவுக்கு வெட்டுவது, புதர் கழிப்பது, வாய்க்கால் தூர்வாருவது, வரப்பு மேட்டில் புல் அறுப்பது, அறுவடைக் காலத்தில் விடியுமுன்னே வயலில் இறங்குவது இவையெல்லாம் பெரும்பாலும் காலனி மக்களின் கையால் நடக்கின்றன. பனை உச்சியிலும் புதருக்குள்ளும் கதண்டு கூடு கட்டுகிறது. குளவி, தேனீ எல்லாம் அங்கேதான். நூறு நாள் வேலைக்குப் போன பெண்களைக் கதண்டு விரட்டி விரட்டிக் கொட்டியது என்ற செய்தி, சுற்றுவட்ட மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் நம் பத்திரிகை அலுவலகத்துக்கு வருகிறது. நாலு வரியில் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

கொட்டுவதில் இரண்டு விதமான ஆபத்து இருக்கிறது. ஐம்பது, நூறு பூச்சி ஒருவரைச் சூழ்ந்து கொட்டினால் நஞ்சின் அளவே சிறுநீரகம் வரை பாதிக்கும். அது ஒன்று. ஒரே ஒரு பூச்சி கொட்டி, ஒவ்வாமையால் உடல் சரிவது மற்றொன்று. இந்த இரண்டாவதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. போன வருஷம் கொட்டியபோது வெறும் வீக்கத்தோடு போனவருக்கு, இந்த வருஷம் மூச்சு நிற்கலாம். முதல் கொட்டில் உடல் அந்த நஞ்சை நினைவில் வைத்துக்கொள்கிறது, பின்னொரு கொட்டில் பாய்கிறது.

இதை உலகுக்குச் சொன்னவர்கள் சார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள். மொனாக்கோ இளவரசரின் கப்பலில் கடலுக்குப் போய், நம் மீனவர்கள் சொறி என்று விலக்கிவிடும் வகையைச் சேர்ந்த கடல் உயிரின் நஞ்சை ஆராய்ந்தார்கள். பிறகு பாரிசில், கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் எதிர்ப்பு சக்தி வரும் என்று நம்பி ஊசி போட்டார்கள். சில வாரம் கழித்து இரண்டாம் முறை, முன்பைவிடக் குறைவான அளவு போட்டபோது நாய் நிமிடங்களில் செத்தது. 1902ல் இந்த நிலைக்கு அவர்கள் வைத்த பெயர்தான் அனாஃபிலாக்சிஸ். ரிஷேவுக்கு 1913ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்வுக்கூடத்தில் நாய்களுக்கு நடந்ததுதான், ஒவ்வொரு பருவமும் அதே தோப்பில் அதே பூச்சியிடம் கொட்டு வாங்கும் கூலித் தொழிலாளிக்கும் நடக்கிறது. பழகிப்போச்சு என்று அவர் சொல்லிக்கொள்கிறார். உடல் வேறு கணக்கு வைத்திருக்கிறது.

இனி நேரத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் கடும் ஒவ்வாமையால் இறந்தவர்களைப் பற்றி ரிச்சர்ட் பம்ஃப்ரி என்ற மருத்துவர் 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். மூச்சோ இதயமோ நிற்பதற்கு ஆன நேரத்தின் நடுமதிப்பு, மருத்துவமனையில் போட்ட மருந்தால் என்றால் 5 நிமிடம், உணவால் என்றால் 30 நிமிடம், பூச்சிக் கொட்டால் என்றால் 15 நிமிடம்.

பதினைந்து நிமிடம். சவுக்குத் தோப்புக்குள் விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு மண்பாதையில் ரோட்டுக்கு வருவதற்கே அது சரியாகிவிடும். 108க்கு போன் போட்டு, எந்தத் தெரு, எந்தக் கோயில் பக்கம் என்று வழி சொல்லி, வண்டி வருமுன் பைக்கில் நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோவதுதான் நம்மூரில் நடப்பது. அதுவும் ஆபத்து. இரத்த அழுத்தம் சரிந்தவரை நிமிர்த்தி உட்கார வைப்பதும் நடக்க வைப்பதும் இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைத்து உயிரைப் பறிக்கலாம். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சு மிகவும் முட்டினால் மட்டும், காலை நீட்டியபடி சாய்ந்து உட்காரவிடலாம்.

புதுச்சேரி மருத்துவக் கல்லூரிகளின் ஊர். 1823ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது ஜிப்மர். கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடலூர் சாலையிலேயே தனியார் மருத்துவக் கல்லூரிகள் நிற்கின்றன. தெற்கே எல்லையைத் தாண்டினால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை. ஆனால் மணப்பட்டிலிருந்து ஜிப்மருக்குப் போக, நகரம் முழுவதையும் கடந்து வடக்கே கோரிமேட்டுக்கு, இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். எவ்வளவு பெரிய மருத்துவமனையாக இருந்தாலும், பதினைந்து நிமிடக் கணக்கில் அது வெகு தொலைவு. அரை மில்லி மருந்து ஊருக்குள் இருந்தால்தான் கணக்கு சரியாகும்.

அரை மில்லி என்று சொல்வது உவமைக்காக இல்லை. பெரியவர் ஒருவருக்குத் தேவையானது அவ்வளவுதான். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும் குப்பியில் பாதி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். அவசரத்தில் துணியின் மேலேயே போடலாம் என்பதால், வயலில் விழுந்த பெண்ணுக்குச் சேலையை விலக்கவேண்டுமே என்று யாரும் தயங்கத் தேவையில்லை. குழந்தைக்கு எடைக்கேற்பக் குறையும். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் மருத்துவப் பணியாளர் இன்னொரு முறை போடலாம். சரிந்த இரத்தக் குழாயை அது இறுக்குகிறது, அடைபட்ட மூச்சுக்குழாயைத் திறக்கிறது, தொண்டை வீக்கத்தை வடிக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துச் செய்ய வேறு மருந்து கிடையாது.

1901ல் ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே இதை அமெரிக்காவில் தூய நிலையில் பிரித்தெடுத்தார். எதிலிருந்து? அறுத்த ஆட்டிலும் மாட்டிலும் சிறுநீரகத்தின் மேல் ஒட்டியிருக்கும் சுரப்பியிலிருந்து. செத்த மாட்டைத் தொட்டவர்கள் என்று நம்மை ஊருக்கு வெளியே நிறுத்திய நாட்டில், மாட்டுச் சுரப்பியில் பிறந்த மருந்து எல்லாச் சாதிக்காரர் உயிரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. போகிற போக்கில் சொல்லி வைத்தோம்.

விலை அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. தானே குத்திக்கொள்ளும் பேனா வடிவக் கருவியை விற்கும் நிறுவனம், 2016ல் இரண்டு பேனாவுக்கு 600 டாலருக்கு மேல் விலை வைத்ததால் அமெரிக்காவே கொந்தளித்தது. அந்தப் பேனா நம் ஊர் மருந்துக் கடையில் கிடைப்பதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் அதே மருந்து இங்கே கண்ணாடிக் குப்பியில், ஒருவேளைச் சாப்பாட்டின் விலைகூட இல்லாமல் கிடைக்கிறது. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில், ஆரம்ப நிலை முதல் உயர் நிலை வரை எல்லா மருத்துவமனையிலும் இருக்கவேண்டிய மருந்து அது.

இருந்தும் பயன்படுவதில்லை. அலர்ஜி என்று போனால் நம்மூர் கிளினிக்குகளில் முதலில் வருவது அவிலும் டெக்சாவும். அரிப்பும் தடிப்பும் குறையும், நோயாளிக்கும் திருப்தி. ஆனால் அவில் சரிந்த இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தாது. ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும். அட்ரினலின் போட்டால் இதயம் தாங்காது என்ற அச்சம் பல மருத்துவர்களிடம்கூட இருக்கிறது. சிரைக்குள் வேகமாக ஏற்றினால் அந்த அச்சம் நியாயம். தொடைத் தசையில் சரியான அளவில் போடும்போது, இந்த அவசரத்தில் இவருக்குப் போடவே கூடாது என்று எவரையும் உலக ஒவ்வாமை வழிகாட்டுதல்கள் ஒதுக்கவில்லை. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், சற்று நேரத்தில் அடங்கும்.

பாம்புக்கடி என்று வரும்போது இந்த அச்சத்தின் விலை இன்னும் கூடுகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து தயாராகிறது. அதற்கான நஞ்சின் பெரும்பகுதி, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. பழங்குடி மக்களின் கைத்திறனால் உருவாகும் மருந்து அது. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பதால் பலருக்கு அதுவே ஒவ்வாமையைக் கிளப்பும். அது கிளம்பினால் என்ன செய்வது என்ற பயத்தில்தான், மருந்து கையிருப்பில் இருந்தும் பல சிறிய மருத்துவமனைகள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கையைக் கழுவிக்கொள்கின்றன.

இதற்கான விடை பக்கத்து இலங்கையிலேயே வந்துவிட்டது. இந்தியாவில் தயாரான முறிமருந்தைப் பெற்ற 1,007 பேரிடம் அங்கே நடந்த ஆய்வு 2011ல் வெளியானது. நூற்றுக்கு 75 பேருக்கு ஏதோ ஒரு அளவில் ஒவ்வாமை வந்தது. முறிமருந்துக்கு முன்பே கால் மில்லிகிராம் அட்ரினலின் தோலுக்கடியில் போட்டவர்களுக்கு, கடுமையான ஒவ்வாமை முதல் ஒரு மணி நேரத்தில் 43 விழுக்காடு குறைந்தது. அவில் வகையைச் சேர்ந்த மருந்தும் ஸ்டீராய்டும் அப்படிக் குறைக்கவில்லை. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இறப்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர்கள், வயல்வேலை செய்பவர்கள். அவர்களில் பலர் வழியில், ஒரு ஆஸ்பத்திரிக்கும் இன்னொரு ஆஸ்பத்திரிக்கும் நடுவே இறக்கிறார்கள். மத்திய அரசு 2024 மார்ச்சில் பாம்புக்கடிக்குத் தேசியச் செயல்திட்டம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களில் முறிமருந்து வைக்கும் இடமெல்லாம் அட்ரினலினும், அதைத் துணிந்து போடும் பயிற்சியும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று அலமாரியில் காலாவதியாகத்தான் செய்யும்.

இது எல்லாருக்கும் உள்ள பிரச்சினை, தலித் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். கதண்டுக்குச் சாதி தெரியாது என்பது சரிதான். தோப்பு முதலாளிக்கும் கொட்டும், மீனவருக்கும் கொட்டும். ஆனால் தோப்புக்குள் யார் குனிந்திருக்கிறார்கள், யார் வீட்டு வாசலில் கார் நிற்கிறது, யார் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் திரும்ப முடிகிறது, எந்தத் தெருவுக்கு நர்சம்மா வாரம் ஒருமுறையாவது வருகிறார் என்பதெல்லாம் சாதியைக் கேட்டுத்தான் நடக்கின்றன. துணை சுகாதார நிலையத்தில் இந்தப் பெட்டி வந்தால் ஊரும் காலனியும் மீனவர் குப்பமும் சேர்ந்தே பயன்பெறும். வராமல் இருப்பதன் விலையை அதிகம் கொடுப்பது யார் என்பதே நம் கேள்வி.

பணம் இல்லை என்பதும் பதிலாகாது. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் சுமார் 16 விழுக்காடு. அந்த விகிதத்துக்குக் குறையாமல் திட்ட நிதியை ஒதுக்கவேண்டும் என்று சிறப்புக் கூறு திட்டம் 1979-80லேயே தொடங்கியது. அந்த நிதியில் சாலை போடுகிறோம், சமுதாயக் கூடம் கட்டுகிறோம், தலைவர்கள் கல்வெட்டு திறக்கிறார்கள். மூன்று குப்பி மருந்துக்குக் கல்வெட்டு வைக்க முடியாது. அதனால்தானோ என்னவோ யாருக்கும் அக்கறை வரவில்லை.

கேட்பதற்கும் ஆள் இல்லை. 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006ல் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2011ல் முடிந்தபின் பத்தாண்டுக்கும் மேலாகத் தேர்தலே நடக்கவில்லை. தனித் தொகுதியில் ஜெயித்து வரும் ஒரு பஞ்சாயத்துத் தலைவரோ, வார்டு உறுப்பினரோ இருந்திருந்தால், சுகாதார நிலையத்துக்குள் போய் அலமாரியைத் திறந்து பார்க்க ஓர் உரிமை இருந்திருக்கும். கொம்யூன் ஆணையரிடம் மனு கொடுப்பதோடு நம் ஜனநாயகம் நின்றுபோனது. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை நடக்கும் இடத்தில் முதலுதவிப் பெட்டி இருக்கவேண்டும் என்று எழுதி வைத்தது. அந்தப் பெட்டியில் பஞ்சும் டிங்சரும் இருந்தாலே அதிர்ஷ்டம் என்பது வேலைக்குப் போன பெண்களுக்குத் தெரியும்.

நலவழித்துறை செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. தடுப்பூசி முகாமுக்குக் கொடுத்த பெட்டியையும் அனுமதியையும் எல்லா நாளுக்கும், எல்லா ஒவ்வாமைக்கும் நீட்டி ஓர் ஆணை போட வேண்டும். குப்பியை வெயிலும் வெளிச்சமும் படாமல் வைத்து, காலாவதி தேதியை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். செவிலியருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது கையால் செய்து பார்க்கும் பயிற்சி வேண்டும். சட்டப்படி பாதுகாப்பும் வேண்டும். எழுத்தில் அனுமதி இல்லாமல் ஊசி போட்டு ஏதாவது ஆனால், முதலில் மாட்டுபவர் அந்தச் செவிலியர்தான். அவரைத் தனியே விட்டுவிட்டு ஏன் போடவில்லை என்று கேட்பது நியாயமில்லை.

நம் பக்கம் தெரிந்துகொள்ள வேண்டியதும் இருக்கிறது. கொட்டிய இடத்தில் மட்டும் வீங்கினால் பயமில்லை. கொட்டாத இடத்திலும் தடித்தால், குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், வாந்தியோடு தலை சுற்றினால் அது வேறு. சுண்ணாம்பு தடவுவதையும் மந்திரிப்பதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தேனீயின் கொடுக்கு ஒட்டியிருந்தால் நகத்தாலேயே உடனே எடுத்துவிடுங்கள். படுக்க வையுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில், "சிஸ்டர், அட்ரினலின் இருக்கா?" என்று மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஊசிக்குப் பிறகு தேறிவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். சில மணி நேரத்தில் மறுபடியும் வரலாம். முன்பு ஒருமுறை இப்படி ஆனவர்கள் மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். குப்பியை வாங்கித் தாமே குத்திக்கொள்ளும் காரியம் வேண்டாம், பயிற்சி இல்லாத கையில் அளவு தவறும். தேள் கொட்டு பெரும்பாலும் வேறு வகை. அந்த நஞ்சுக்கு மகாராஷ்டிரத்தின் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் காட்டிய பிரசோசின் மாத்திரைதான் வழி. எல்லாக் கொட்டுக்கும் ஒரே ஊசி என்று எண்ணிவிட வேண்டாம்.

மணப்பட்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் படித்த இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நலவழித்துறைக்கு ஒரு மனு எழுதுங்கள். பாகூர் கொம்யூனில் எந்தெந்தத் துணை சுகாதார நிலையத்தில் இன்றைக்கு அட்ரினலின் இருக்கிறது, காலாவதி தேதி என்ன, பூச்சிக் கொட்டுக்கு அதைப் போட யாருக்கு அனுமதி என்ற மூன்று கேள்வி போதும். வழக்கமாகப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. உயிர் பற்றிய தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தரவேண்டும் என்று அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. மனுவின் தலைப்பில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். வரும் பதிலை இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.